வதந்தியை வினைமுற்றில் பிடிப்பது: எல்லைப்புறத் தமிழ் வகுப்புகளுக்கு ஒரு வழிமுறை

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள பீர்மேடு, தேவிகுளம் வட்டங்களில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு, மழை வலுக்கும்போதெல்லாம் முல்லைப்பெரியாறு அணையைப் பற்றிய ஏதேனும் ஒரு வதந்தி கைப்பேசி வழியே வந்துவிடுகிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போதும் அணையைக் குறித்த பொய்யான குரல்பதிவு வாட்ஸ்அப்பில் பரவியது. இத்தகைய செய்திகளை எடைபோடக் கற்பிப்பதற்குத் தனிப் பாடத்திட்டமோ கணினி அறையோ தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பின் இலக்கணப் பாடவேளையே போதும்.

வினைமுற்றிலிருந்து தொடங்குங்கள். "நீர் கசிவதைக் கண்டேன்", "கசிவதாகப் பொறியாளர் சொன்னார்", "கசிகிறதாம்", "கசிவதாகக் கூறப்படுகிறது", "கசிகிறது" என ஐந்து தொடர்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றிலும் பார்த்தவர் யார் என்று கேளுங்கள். முதல் தொடரில் சாட்சி இருக்கிறார். இரண்டாவதில் விசாரிக்க ஓர் ஆள் இருக்கிறார். மூன்றாவது, தான் கேள்விப்பட்டதே என்று ஒப்புக்கொள்கிறது. பிள்ளைகள் ஏமாறுவது நான்காவதில்தான், ஏனெனில் சொன்னவரை மறைத்துவிட்டு ஏட்டுநடையின் மிடுக்கில் அது நம்பகமாக ஒலிக்கிறது. பிறகு "கசிகிறதாம்" என்பதை வரிசையில் ஒருவர் காதில் ஒருவராகக் கடத்தச் சொல்லுங்கள். வழியில் "ஆம்" உதிர்ந்து, ஐந்தாவது தொடரான "கசிகிறது" மட்டும் எஞ்சினால், வதந்தி உண்மையின் உடையை அணிந்துகொண்ட இடம் எதுவென வகுப்பே தேடட்டும். மலையாளத்தில் இதே வேலையைச் செய்யும் "அத்ரே" தெருவில் அவர்கள் நாள்தோறும் கேட்பதுதான் என்பதால், இந்தப் பாடம் இங்கே எளிதில் ஏறும்.

அடுத்தது தலைப்புச் செய்தி. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் நீர்மட்டம் 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. நீர்மட்டம் 142 அடியைத் தொடும் நாளில், தேனிப் பக்கத்து உழவருக்காக எழுதப்படும் தலைப்பில் "எட்டியது" என்றும், அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் வாழ்பவருக்காக எழுதப்படுவதில் "அபாயம்" என்றும் வரலாம். இரண்டிலும் எண் ஒன்றே. பொய் எதுவும் இல்லை. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, எவர் பக்கமும் சாயாத ஒரு தலைப்பை எழுதச் சொல்லுங்கள். இது எளிதாகத் தோன்றும், ஆனால் ஆசிரியரே முதலில் எழுதிப் பார்ப்பது நல்லது.

"நம்", "அவர்கள்" என்னும் சொற்களை வட்டமிடச் செய்து, அந்த "நம்"முக்குள் யார் யார் அடக்கம் என்று கேட்பதும் பயன்தரும். தேதியில்லாத "இன்று காலை" எந்த ஆண்டின் காலை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வகுப்புக்குப் பழைய, பொய்யென உறுதியான செய்தியையே எடுத்துச் செல்லுங்கள்; சரியான தகவலை முதலில் எழுதிய பின்னரே பொய்யை எழுதுங்கள். எல்லாவற்றையும் சந்தேகிக்கும் பிள்ளை, எதையும் நம்பும் பிள்ளையைவிடத் தேறியவன் அல்லன் என்பது என் கருத்து. "உடனே வெளியேறுங்கள்" என்ற ஏவல் மாவட்ட நிர்வாகத்தின் வெள்ள எச்சரிக்கையிலும் வரும். ஆனால் அதில் நாளும் இடமும் வெளியிட்ட அலுவலகமும் இருக்கும். அம்மூன்றையும் உரிய அலுவலகத்தின் பக்கத்திலோ தொலைபேசியிலோ சரிபார்க்கப் பழகிய பிள்ளைகள், உண்மையான எச்சரிக்கை வரும் இரவில் தயங்காமல் வீட்டாரை எழுப்புவார்கள்.