முதியோர் கல்வி ஆய்வுப் போக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லியில் கல்வியியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் சிலர், முதியோர் கல்வி (பள்ளி வயதைக் கடந்தவர்களுக்கான கல்வி) ஆய்வுகள் காலப்போக்கில் எப்படி மாறின என்ற தலைப்பை எடுக்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் இணையத்தில் கிடைத்த கட்டுரைகளை எண்ணி, வரைபடம் போட்டு, "எழுத்தறிவில் ஆர்வம் குறைந்துவிட்டது" என்று முடித்துவிடாதீர்கள். மாறியது ஆய்வா, எண்ணும் முறையா என்று முதலில் பாருங்கள்.

தேடுசொல் ஒன்றோடு நிற்க வேண்டாம். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் உள்ள யுனெஸ்கோ கல்வி நிறுவனமே 2006-இல் பெயரில் 'வாழ்நாள் கற்றல்' என்று சேர்த்துக்கொண்டது. தொடர்கல்வி, எழுத்தறிவு, திறன் பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

அப்புறம், அரசுத் திட்டங்களின் ஆண்டுகளை வரைபடத்திலேயே குறியுங்கள்: 1978 தேசிய முதியோர் கல்வித் திட்டம், 1988 தேசிய எழுத்தறிவு இயக்கம், 2009 சாக்ஷர் பாரத், 2022-இல் தொடங்கிய உல்லாஸ். திட்டம் வந்தால் அதை மதிப்பிடும் அறிக்கைகளும் வரும். அவற்றைத் தனியாகப் பிரிக்காமல், அறிஞர்களின் ஆர்வம் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது.

பெரிய சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு விகிதம் 5 வயது முதல் கணக்கிடப்பட்டது. 1991 முதல் 7 வயது தொடக்கம். உல்லாஸ் திட்டமோ 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. இந்த மூன்றையும் ஒரே கோட்டில் இணைத்தால் அந்தக் கோடு பொய் சொல்லும். இன்னொன்று: எந்த மொழியிலாவது புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால் கணக்கெடுப்பில் எழுத்தறிவு உண்டு. டெல்லியின் திரிலோக்புரியில் வசிக்கும், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெண் கணக்கில் எழுத்தறிவு பெற்றவர். ரேஷன் கடையில் இந்தியில் ஒட்டிய அறிவிப்பை அவரால் படிக்க முடியாது. இப்படிப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வை வெறும் 'எழுத்தறிவு' என்ற தலைப்பில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இடம்பெயர்வு, மொழி பற்றிய ஆய்வுகளிலும் தேட வேண்டும்.

ஆங்கிலத் தரவுத்தளங்களை மட்டும் நம்புவதும் தவறு. 1939-இல் தொடங்கிய இந்திய முதியோர் கல்விச் சங்கம் டெல்லியிலேயே இருக்கிறது. அதன் இதழைப் புரட்டாமல் இந்தியப் போக்கு என்று எழுதாதீர்கள். 1990-களில் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அந்த அனுபவத்தில் எவ்வளவோ தமிழ்ப் பாடநூல்களிலும் துண்டறிக்கைகளிலும்தான் பதிவாகியிருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்த ஆய்வாளருக்கு அது பெரிய வாய்ப்பு. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, அன்று பாடம் நடத்திய தொண்டர்களைத் தேடிப் பேசுங்கள். அவர்கள் சொல்லும் ஆண்டையும் ஊரையும் துண்டறிக்கைகளோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.