ஃபீல்ட் டே: பேட்டரியும் கம்பியும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) கிளப்கள் ஜூன் நான்காவது முழு வார இறுதியில் வெட்டவெளியில் நிலையம் அமைக்கும் ஃபீல்ட் டே, அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல்லின் நிகழ்ச்சி; 1933 முதல் நடக்கிறது. சனி 18:00 யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) தொடங்கும். அதற்குள் ஆன்டெனா மேலே போயிருக்க வேண்டும்.

40 மீட்டர் அலைவரிசைக்கு டைபோலே, அதாவது நடுவில் இணைப்புக் கொடுத்து இருபுறமும் கம்பி நீட்டிய ஆன்டெனாவே, போதும். 7.2 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பக்கம் 9.9 மீட்டர், ஆனால் 10.3 மீட்டராக வெட்டுங்கள். கம்பியைக் குறைக்கலாம், வளர்க்க முடியாது. தூண்டில் நரம்பில் ஈயக்குண்டைக் கட்டி, உண்டிவில்லால் கிளைக்கு மேல் விட்டு, அந்த நரம்பில் கயிற்றைக் கட்டி இழுங்கள். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்பதன் அளவு, குறைந்தால் நல்லது) மிகக் குறையும் அதிர்வெண் 7.2க்குக் கீழே இருந்தால் கம்பி நீளம் அதிகம். இருபுறமும் 10 செ.மீ. மடக்கினால் சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் மேலேறும். முதலில் மடக்குங்கள், பிறகு வெட்டலாம்.

அதிகம் சொதப்புவது மின்சாரம்தான். 100 வாட் ரேடியோ அனுப்பும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும். 2.5 சதுர மி.மீ. வயரை 5 மீட்டர் தூரம் இழுத்தால், போக வர 10 மீட்டரில் 1.5 வோல்ட் காணாமல் போகும். பேட்டரியில் 12.6 இருக்கும், ரேடியோவுக்கு 11.1தான் கிடைக்கும், பேச வாயைத் திறந்ததும் செட் அணைந்துவிடும். பழி பேட்டரிமேல் விழும்! பேட்டரியை மேசைக்கடியிலேயே வையுங்கள், 6 சதுர மி.மீ. வயர் போடுங்கள், ஃபியூஸைப் பேட்டரி முனைக்கு அருகில் வையுங்கள். ஈய அமில பேட்டரியில் பாதிக் கொள்ளளவைத்தான் கணக்கில் எடுக்கலாம்.

ஜெனரேட்டர் இரைச்சல் காதைக் கெடுக்கும், தூரத்தில் நிறுத்துங்கள். பெட்ரோல் ஊற்றுமுன் அணைத்து ஆறவிடுங்கள்.