அடிக்கடி வரும் தலையிடிக்குக் கழுத்துப் பயிற்சி

தலையிடி வந்ததும் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது நம்மூரில் எல்லோருக்கும் பழக்கம். எப்போதாவது என்றால் சரி. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்தையும் தாண்டி இப்படிப் போட்டால் மாத்திரையே தலையிடியை வளர்த்துவிடும்.

படி 1: எழுதி வையுங்கள்

ஒரு கொப்பியில் தலையிடி வந்த நேரம், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் இருந்தது, அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று குறியுங்கள். பெண்கள் மாதவிடாய் நாட்களையும் குறிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பக்கம் விண்விண்ணென்று இடித்து, சத்தி வரப் பார்த்து, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் 4 முதல் 72 மணி நேரம் வரை நீடித்தால் அது மைக்ரேனாக இருக்கலாம். பிடரியில் தொடங்கிக் கண் வரை ஏறி, கழுத்தைத் திருப்பினால் கூடுவது கழுத்திலிருந்து வருவதாக இருக்கலாம். மேல்கழுத்தின் நரம்புகளும் முகத்தின் நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் சேர்கின்றன. கழுத்தின் வலி கண்ணில் தெரிவது அதனால்தான்.

திடீரென்று தாங்கமுடியாமல் இடித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கைகால் சோர்ந்தாலோ, தலை அடிபட்ட பின் வந்தாலோ பயிற்சி எதுவும் வேண்டாம். உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

படி 2: இருக்கும் விதம்

மருதமுனையில் கைத்தறியில் இருப்பவரைக் கிட்ட நின்று பாருங்கள். நாடா ஓடும் இடத்தையே பார்த்தபடி நாடி முன்னே நீளும், தோள் காதை நோக்கி ஏறும். தையல் மெஷினிலும், போன் பார்க்கும் பிள்ளையிடமும் இதேதான். அரை மணிக்கு ஒருதரமாவது எழும்பித் தோளைச் சுழற்றுங்கள்.

படி 3: நாடியை உள்ளிழுத்தல்

ஒரு பயிற்சிதான் செய்ய நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். கதிரையில் நிமிர்ந்து இருந்து நேரே பாருங்கள். நாடியில் ஒரு விரலை வைத்து, விரலை அசைக்காமல் தலையை மட்டும் பின்னே இழுங்கள். குனியவும் கூடாது, அண்ணாந்து பார்க்கவும் கூடாது. நாடிக்குக் கீழே மடிப்பு விழுந்தால் சரியாகச் செய்கிறீர்கள். மண்டையோடு முடியும் இடத்தில் மெல்லிய இழுவை தெரியும். 5 செக்கன் பிடித்து விடுங்கள். காலை 10 தடவை, மாலை 10 தடவை. மூச்சை அடக்காதீர்கள். தலைச்சுற்றோ கை விறைப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் காதைத் தோள் பக்கம் சாய்த்து 20 செக்கன், இரண்டு பக்கமும்.

மைக்ரேன் இடிக்கும் நேரத்தில் இதெல்லாம் வேண்டாம், இருட்டறையில் படுங்கள். பயிற்சி இடைப்பட்ட நாட்களுக்கு உரியது. அது மைக்ரேனை முற்றாக மாற்றாது. ஆனால் மைக்ரேன் உள்ள பலருக்குக் கழுத்தும் இறுகியிருக்கும். அந்த இறுக்கம் தளர்ந்தால் பாரம் குறையும்.

படி 4: நடை, தண்ணீர், நித்திரை

வெயில் ஏறுமுன் வாவிக்கரையில் அரை மணி நேரம் நடக்கலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தாகம் எடுக்குமுன்பே தண்ணீர் குடியுங்கள். சாப்பாடும் நித்திரையும் நேரத்துக்கு.

சலூனில் கழுத்தை நெட்டி முறிக்க மட்டும் விடவே விடாதீர்கள். கழுத்தின் இரத்தக்குழாய் கிழிந்து பாரிசவாதம் வரக்கூடும். ஆறு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் வைத்தியரிடம் போங்கள், இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கொப்பியையும் கொண்டுபோங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதில் எழுதியிருப்பவற்றைத்தான்.