இஞ்சித் தண்ணியில மிதக்குற தாங் யுவான், முதல் தடவை செய்றவங்களுக்கு

நம்ம மலேசியா சுங்கை சிப்புட்ல ஏது குளிர்காலம், டிசம்பர்னா மழைதான். ஆனா 21, 22ஆம் தேதி வாக்குல சீனர்ங்க தோங்ச்சி கொண்டாடுவாங்க, சீனாவுல வருஷத்துலயே ராத்திரி ரொம்ப நீளமா இருக்கற நாள் அது. அன்னிக்கு தாங் யுவான்ங்கற அரிசி மாவு உருண்டைய சாப்பிட்டா ஒரு வயசு கூடிருச்சுன்னு அவங்க கணக்கு. எஸ்டேட் லயத்த விட்டு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்ததுலேர்ந்து பக்கத்து வீட்டு ஆண்ட்டி வருஷா வருஷம் ஒரு மங்கு குடுத்து விடுவாங்க, போன வருஷம்தான் நானே செய்வோமேன்னு இறங்கினேன்.

முதல்ல மாவு. புலுட் அரிசி மாவுதான் வேணும், அதாவது வேக வெச்சா ஒட்டுற பசை அரிசி மாவு. மூணு தலை யானை படம் போட்ட பாக்கெட்டுல பச்சை எழுத்துன்னா புலுட், சிவப்புன்னா சாதா அரிசி. நான் அவசரத்துல சிவப்பை தூக்கிட்டு வந்து, உருட்ட உருட்ட வெடிச்சு, கடைசில அத கொழுக்கட்டையாக்கி சாப்பிட்டோம்.

தண்ணி பாகு: 1.2 லிட்டர் தண்ணியில 100 கிராம் முத்தின இஞ்சிய தோலோட நசுக்கிப் போட்டு, மூணு பாண்டான் இலைய (ரம்பை இலை) முடிச்சுப் போட்டு 20 நிமிஷம் கொதிக்க விடுங்க. அப்புறம் 150 கிராம் குலா மலாக்கா (தென்னை வெல்லம்) போடுங்க. இளம் இஞ்சி வேண்டாம், காரமே ஏறாது.

200 கிராம் மாவுல 160 மில்லி சாதா தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி பிசைங்க. நம்ம கொழுக்கட்டை பழக்கத்துல கொதி தண்ணி ஊத்திடாதீங்க. இப்ப ஆண்ட்டி சொல்லிக்குடுத்த விஷயம்: எலுமிச்சம்பழம் அளவு மாவ கிள்ளி, தட்டையா தட்டி, கொதிக்கிற தண்ணியில போட்டு மிதந்ததும் எடுத்து, அந்த வெந்த துண்டையே மிச்ச மாவோட சேர்த்து பிசையணும். சூடா இருக்கும், கை பத்திரம், கொஞ்சம் ஆற விட்டுக்கூட பிசையலாம். மொதல்ல பிசுபிசுன்னு கையெல்லாம் ஒட்டும், பயந்து மாவ அள்ளிப் போடாதீங்க, ரெண்டு மூணு நிமிஷத்துல காது மடல் மாதிரி மெத்துன்னு வந்துரும், அதுக்கப்புறம் எப்படி உருட்டினாலும் வெடிக்காது. வெந்த மாவுதான் பசை மாதிரி மிச்சத்த பிடிச்சுக்குது.

பாதி மாவுல ஒரு சொட்டு சிவப்புக் கலர். கோலிக்குண்டு சைஸ்ல உருட்டினா 35 கிட்ட வரும், ஈரத்துணி போட்டு மூடி வைங்க.

வேற சட்டியில நிறைய தண்ணி கொதிக்க வெச்சு உருண்டைய போடுங்க. அடில ஒட்டாம கரண்டிக்காம்பால லேசா தள்ளி விடணும். மிதந்ததும் இன்னும் ஒரு நிமிஷம், உடனே பச்சத் தண்ணியில முக்கி எடுத்து சூடான பாகுல போட்டு குடுங்க. பாகுலயே வேக வெச்சா பாகு கொழகொழன்னு ஆயிரும்.

கிறிஸ்மஸ் ஓப்பன் ஹவுஸுக்கு முன்கூட்டியே செய்யணும்னா, வேக வெக்காம தட்டுல தள்ளித் தள்ளி அடுக்கி ஃப்ரீசர்ல இறுக விட்டு அப்புறம் பையில கொட்டி வைங்க. எடுத்த உடனே அப்படியே கொதி தண்ணியில போடணும், ஐஸ் விட வெச்சீங்கன்னா எல்லாம் ஒரே உருண்டையா ஒட்டிக்கும் லா.