எல்விஸ் காரும் கோழிக் கதையும்: பழைய ரோல்ஸ்ராய்ஸ் வாங்குவோர் ஏமாறும் இடங்கள்

1959 முதல் 1968 வரை ரோல்ஸ்ராய்ஸ் தயாரித்த ஃபேன்டம் ஃபைவ் மொத்தமே 516தான். எலிசபெத் மகாராணி, எல்விஸ் பிரெஸ்லி, ஜான் லெனன் எல்லோரிடமும் இருந்த மாடல் என்பதால், ஏலத்துக்கு வரும்போது காரைவிடக் கதைக்கு விலை ஏறிவிடுகிறது.

பெரிய தவறு, அந்தக் கதையைத் தேதியோடு ஒட்டிப் பார்க்காமல் விடுவது. எல்விஸின் 1963 ஃபேன்டம் முதலில் கருநீலமாம். பளபளப்பில் தங்கள் உருவத்தைக் கண்டு அவருடைய அம்மாவின் கோழிகள் கொத்திக் கொத்திப் பெயின்ட்டைக் கெடுக்க, வெள்ளி கலந்த வெளிர்நீலத்துக்கு மாற்றினார்களாம். 2014இல் அந்தக் கார் ஏலம் போனபோதும் இந்தக் கதை கூடவே வந்தது. ஆனால் அம்மா கிளாடிஸ் 1958லேயே இறந்துவிட்டார். கார் வந்ததோ ஐந்து வருஷம் கழித்து! கார் எல்விஸுடையதுதான், சந்தேகமில்லை. கோழிக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

நம்பர் பிளேட்டையும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். பிரிட்டனில் பதிவெண்ணை ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டப்படியே மாற்றிக்கொள்ளலாம். காரின் அடிச்சட்டத்துக்குரிய சேஸி எண்ணைக் குறித்துக்கொண்டு, இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி ஊரில் உள்ள ரோல்ஸ்ராய்ஸ் ஆர்வலர் கிளப்பிடம் தொழிற்சாலைப் பதிவின் நகல் கேளுங்கள். உதாரணமாக, லெனன் காரின் சேஸி எண் 5விடி73.

நிறத்தை நம்புவதும் வீண். லெனனுக்கு 1965 ஜூனில் வந்தது கறுப்புக் கார். மஞ்சளும் பூவேலையும் 1967இல்தான் ஏறின. 1985இல் சோத்பீஸ் ஏலத்தில் 22.99 லட்சம் டாலருக்குப் போன அசல், இப்போது கனடாவின் விக்டோரியா நகர மியூசியத்தின் வசம் இருக்கிறது. முகப்பு விளக்கு ஓரளவு பேசும்: 1963க்கு முன் பக்கத்துக்கு ஒன்று, அதன்பின் இரண்டு. 1965 மாடல் என்று சொல்லி ஒற்றை விளக்கோடு நின்றால் கேள்வி கேளுங்கள்.

பெயரில் மயங்கியவர்கள் பிரேக்கில் கோட்டைவிடுவார்கள். நின்ற காரில் பெடலை மிதித்துப் பார்த்து ஒன்றும் தெரியாது. இதன் சர்வோ, அதாவது பெடல் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் கருவி, கியர்பாக்ஸிலிருந்து விசை எடுப்பது. வண்டி உருண்டால்தான் வேலை செய்யும். ஆளில்லாத காலி இடத்தில், முப்பது கிலோமீட்டர் வேகத்தில் மிதியுங்கள். பெடல் கல்லாக இருந்து, சற்றுத் தாமதித்துப் பிடித்தால், கியர்பாக்ஸ் ஆயில் கசிந்து சர்வோவின் லைனிங் (உராய்ந்து பிடிக்கும் பட்டை) நனைந்திருக்கலாம். இரண்டரை டன் வண்டி, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். லைனிங்கை மாற்றினால் மட்டும் போதாது. கசியும் ஆயில் சீல்களையும் மாற்றாவிட்டால் புதியதும் நனையும்.