நெற்றி நடுவே ஒரு கோடு: முறிவா, மூடாத பொருத்தா?

அடிபட்டு வந்தவரின் மண்டை எக்ஸ்-ரேயில் நெற்றி நடுவே செங்குத்தாக ஒரு கோடு தெரிந்தால், ‘முறிவு’ என்று எழுதுமுன் மெட்டோபிக் சூச்சரை, அதாவது நெற்றியெலும்பின் இரு பாதிகளும் சேரும் நடுப் பொருத்தை, நினைத்துக்கொள்ளுங்கள். கருவில் நெற்றியெலும்பு இரண்டு பாதியாக இருக்கும். நடுவிலுள்ள பொருத்து மூக்கின் வேரிலிருந்து உச்சிக்குழி வரை ஓடும். பிறந்த 3ஆம் மாத வாக்கில் மூக்குப் பக்கமிருந்து மூடத் தொடங்கி, பெரும்பாலும் 9 மாதத்துக்குள் மூடிவிடும். நூற்றில் சிலருக்கு மட்டும் ஆயுள் முழுக்க மூடாமலே நிற்கும். அதனால் அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. படம் பார்ப்பவருக்குத்தான் தொந்தரவு.

முதலில் இடத்தைப் பாருங்கள். பொருத்து நடுக்கோட்டைவிட்டு அதிகம் விலகாது. பாதி மட்டும் மிஞ்சியிருந்தால், மிஞ்சுவது பெரும்பாலும் மூக்குக்கு மேலுள்ள சிறு துண்டு. அடுத்தது ஓரம். பொருத்தின் இரு கரையும் வெளுத்துத் தடித்திருக்கும், அகலம் ஏறக்குறைய சீராக இருக்கும். புது முறிவின் கரை கத்தியால் கீறியதுபோல் வெளுப்பின்றி இருக்கும். முறிவுக் கோடு நடுவில் அகன்று நுனியில் மெலியும், பக்கத்துப் பொருத்தைத் தாண்டியும் ஓடும்.

‘வளைந்து நெளிந்தால் பொருத்து, நேராக இருந்தால் முறிவு’ என்ற பாடத்தை மட்டும் நம்பாதீர்கள். பொருத்தின் நெளிவு மண்டையோட்டின் வெளித்தகட்டில்தான். உள்தகட்டில் அது ஏறக்குறைய நேர்கோடு. எக்ஸ்-ரேயில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், நெளிவுக்குப் பக்கத்திலேயே ஒரு விரிசல் போவதுபோல் தோன்றும். டவுன் வியூவில் (முன்பக்கமிருந்து கதிரைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுக்கும் எக்ஸ்-ரேயில்) இன்னொரு பொறி: நெற்றிப் பொருத்து பிடரியெலும்பின்மேல் விழுந்து, பிடரி உடைந்ததுபோல் காட்டும்.

சந்தேகம் தீராவிட்டால் சி.டி. எடுங்கள். 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகள், போன் அல்காரிதம் (எலும்பின் விளிம்பைக் கூர்மையாகக் காட்டும் கணிப்பு முறை), போன் விண்டோ (எலும்பு தெளிவாகத் தெரியும் காட்சி அமைப்பு). துண்டின் தளத்துக்கு இணையாக ஓடும் முறிவு அந்தத் தளத்தில் சிக்காமல் போகலாம் என்பதால் மூன்று தளங்களிலும் பாருங்கள். முப்பரிமாணப் படத்தில் பொருத்தின் முழு ஓட்டமும் ஒரே பார்வையில் தெரியும். ஆனால் அதை உருவாக்கும்போது மெல்லிய விரிசல் மழுங்கிப்போகக்கூடும். அதை மட்டும் வைத்து முடிவு எழுதக் கூடாது. கோட்டுக்கு நேர்மேலே தோலடி வீக்கம் இருந்தால் முறிவுப் பக்கம் சாயலாம். பொருத்துதான் என்று தெளிந்த பிறகும் பிரெய்ன் விண்டோவை (மூளை தெளிவாகத் தெரியும் காட்சி அமைப்பை) பார்க்காமல் விடாதீர்கள்: பொருத்து இருப்பது ரத்தக்கசிவு இல்லை என்பதற்குச் சான்றல்ல, அடிபட்டதில் பொருத்தே பிளந்து அகலவும் கூடும்.

கைக்குழந்தைகளில் கூடுதல் கவனம் வேண்டும். மண்டையின் பக்கவாட்டு எலும்பில் வரும் உபரிப் பொருத்தை முறிவென்று எழுதினால், பெற்றோர்மேல் அடித்தார்கள் என்ற சந்தேகம் விழும். முறிவைப் பொருத்தென்று விட்டால் குழந்தைக்கு ஆபத்து. மறுபக்கத்தில் அதே இடத்தில் அதேபோன்ற கோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இருந்தால் அது பொருத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிடரிப் பொருத்தில் சிறு தனி எலும்புகள் இருக்கலாம். டென்மார்க் மருத்துவர் ஓலே வோர்ம் பெயரால் அவை வோர்மியன் எலும்புகள். ஓரிரண்டு இருந்தால் சாதாரணம். 10க்கு மேல், பெரிதாக, மொசைக் தரைபோல் அடுக்கியிருந்தால் எலும்பு எளிதில் நொறுங்கும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டாவைத் தேட வேண்டும்.

அறிக்கையில் ‘முறிவு இல்லை’ என்பதோடு நிறுத்தாமல், ‘மூடாத மெட்டோபிக் சூச்சர், இயல்பான மாறுபாடு’ என்று பெயரிட்டே எழுதி, ஒரு பிரதியை நோயாளியிடம் கொடுங்கள். அடுத்த விபத்தில் வேறு ஊர் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, பழைய படம் இருக்கிறதா என்பதுதான்.