‘எந்த வேலைன்னாலும் செய்றேன் சார்’

தொண்டு நிறுவனங்களில் போன் எடுப்பவர்கள், தன்னார்வலராக வர நினைப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் வசனம் இது. கேட்கப் பணிவாகத்தான் இருக்கும். ஆனால் அழைத்தவருக்கு என்ன தெரியும், எந்த நாள் ஒழியும், வீடு எங்கே என்று ஒவ்வொன்றாகத் துருவ வேண்டிய வேலை எதிர்முனையில் இருப்பவர் தலையில் விழுகிறது. அவருக்கு ஏற்கெனவே மூச்சு விட நேரமில்லை. “நம்பர் குடுத்துட்டுப் போங்க, கூப்பிடுறோம்” என்பார். அந்த அழைப்பு அநேகமாக வராது.

“தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்வேன். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒழியும். வீடு பெரம்பூர்” என்று சொல்லிப் பாருங்கள். உங்களை எங்கே உட்கார வைக்கலாம் என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

திறமை என்றதும் பட்டத்தை நினைத்துக்கொள்வது அடுத்த தவறு. இதில் நானே மாட்டியிருக்கிறேன். முதுகலை முடித்த கையோடு, பட்டப்படிப்பு மாணவி ஒருவருக்குத் தேர்வெழுதிக் கொடுக்கலாம் என்று பெயர் கொடுக்கப் போனேன். பார்வையற்றவர்கள் பதிலைச் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கும் ‘ஸ்கிரைப்’ வேலை. “உங்க படிப்பு அதிகம், நீங்க எழுத முடியாது” என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது நடப்பில் இருந்த மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் விதி தெளிவாக இருந்தது: தேர்வர் தானே அழைத்து வரும் எழுத்தரின் படிப்பு, தேர்வரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும், பத்தாம் வகுப்பாவது முடித்திருக்க வேண்டும். பட்டத் தேர்வுக்கு ஆள் தேடும் மாணவிக்கு என்னைவிட, பிளஸ் டூ முடித்த பக்கத்து வீட்டுப் பையன்தான் உதவுவான்.

அந்தப் பையனிடம் என்ன இருக்க வேண்டும்? முதலில், மூன்று மணி நேரம் தளராத கையெழுத்து. தமிழ்வழி மாணவர் என்றால் தமிழில் வேகமாக எழுத வர வேண்டும். ஆங்கிலவழியில் படித்த பலர் இங்கேதான் திணறுகிறார்கள். பேச வரும், எழுதினால் பக்கத்துக்கு அரைமணி நேரம். கேள்வியைத் திருத்தமாக, திரும்பத் திரும்பச் சலிக்காமல் வாசிக்கத் தெரிய வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமானது, பதில் தப்பு என்று தெரிந்தாலும் சொன்னதை அப்படியே எழுதுவது. ‘உதவி’ என்று நினைத்துத் திருத்தினால் அது முறைகேடு.

நேரக் கணக்கிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். இத்தகைய தேர்வர்களுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாக உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் ஆகும்; போக வர, படிவத்தில் கையெழுத்துப் போட இன்னும் ஒன்றரை மணி நேரம். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுவீர்கள். முந்தின நாள் இரவு “ஆபீஸ்ல மீட்டிங்” என்று குறுஞ்செய்தி அனுப்புவது இன்னும் மோசம். உங்களுக்கு அது ஒரு நாள், அவருக்கு ஒரு வருடம். வாரம் ஐந்து மணி நேரம் என்று வாயால் அளப்பதைவிட, மாதம் ஒரு காலை என்று சொல்லிவிட்டுத் தவறாமல் போவது மேல்.

எல்லாப் பணிக்கும் பருவம் உண்டு என்பதையும் மறந்துவிடுகிறோம். சென்னைக் கடற்கரையில் ஆமை முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கும் மாணவர் அமைப்பு 1988 முதல் இயங்குகிறது. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிடக் கரையேறுவது தை, மாசி, பங்குனியில்தான். மே மாத விடுமுறையில் ஆர்வம் பிறந்து போய் நின்றால் சீசன் முடிந்திருக்கும். அந்த வேலைக்குத் தேவை விலங்கியல் பட்டம் இல்லை. நள்ளிரவில் ஈர மணலில் பல கிலோமீட்டர் நடக்கும் கால்.

பேசப் பிடித்தவர்கள், அறிவுரை சொல்லப் பிடித்தவர்கள், தற்கொலைத் தடுப்பு உதவி மையத்துக்குத் தாங்கள் பொருத்தம் என்று நினைப்பார்கள். சென்னையில் 1986-இல் தொடங்கிய ‘சினேகா’ போன்ற இடங்களில் தன்னார்வலருக்குப் பயிற்சி கொடுத்துத்தான் உட்கார வைக்கிறார்கள். அங்கே வேலை, காது கொடுப்பது. “என் மாமா ஒருத்தர் இப்படித்தான்…” என்று ஆரம்பிக்கும் பழக்கம் உள்ளவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

பிறந்தநாளன்று குழந்தைகள் இல்லத்துக்குப் பிரியாணியோடு போய்ப் படம் எடுத்துக்கொள்வதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இளைஞர் நீதிச் சட்டம் (2015), 74-ஆம் பிரிவின்படி இல்லத்துக் குழந்தைகளை அடையாளம் காட்டும் படத்தை வெளியிடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே இல்லத்தில் கழிவறை விளக்கு எரியாமல் கிடக்கும், கணக்குப் புத்தகம் தணிக்கைக்குத் தயாராகாமல் கிடக்கும். எலக்ட்ரீஷியனும் கணக்காளரும் ‘சேவை’ என்றதும் தங்கள் தொழிலை வீட்டில் வைத்துவிட்டுச் சோறு பரிமாற வருகிறார்கள். பரிமாற நிறைய பேர் இருக்கிறார்கள், ஒயரிங் பார்க்கத்தான் ஆளில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரம் பழந்துணிகள் மலையாகக் கிடந்தன. யாரும் கேட்காததை யாரோ அன்போடு அனுப்பியிருந்தார்கள். போகும் முன் “உங்களுக்கு இப்ப என்ன தேவை?” என்று ஒரு போன் போட்டிருக்கலாம்.

வெளியே போக முடியாதவர்கள் தங்களுக்கு இதெல்லாம் இல்லை என்று ஒதுங்குவதும் தவறுதான். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் 1998 முதல் தன்னார்வலர்களின் தட்டச்சிலும் மெய்ப்புப் பார்ப்பிலும்தான் வளர்ந்திருக்கிறது. கண் கூர்மையான ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.

முடிவில் வேலை பிடிக்காமல் போகலாம், ஊர் மாறலாம். அப்போது போனை எடுக்காமல் மறைந்துவிடாதீர்கள். ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். அலமாரிச் சாவி, மின்னஞ்சல் கடவுச்சொல், பாதியில் நிற்கும் நோட்டு, மூன்றையும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.